ராஜராஜனின் மொய் நோட்டு

தஞ்சைப் பெரிய கோயில் வாசலில் கால் வைத்ததுமே மூன்று அதிசயங்கள் உங்களைத் தேடி வந்துவிடும். கைடு சொல்வார். கைடு வேண்டாம் என்றால் கூட வந்த சித்தப்பா சொல்வார். சித்தப்பாவும் வரவில்லையா, வாட்ஸ்அப் இருக்கவே இருக்கிறது. விமானத்தின் நிழல் தரையில் விழாது. உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல். நந்தி வளர்ந்துகொண்டே போனது, முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்கள்.

நிழலை முதலில் பார்த்துவிடுவோம். சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் அது பாட்டுக்குத் தரையில் நீளமாகப் படுத்துக் கிடக்கும். ஊர் சுற்றிப் பார்க்க வந்த குடும்பங்கள் வெயிலுக்குப் பயந்து அந்த நிழலில்தான் உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்துகொண்டு, "இந்தக் கோபுரத்துக்கு நிழலே விழாது, தெரியுமா?" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

எண்பது டன் கல்? மேலே இருப்பது பல துண்டுகளைப் பொருத்திச் செய்த சிகரம். ஆனால் ஒரே கல்தான் என்று அடித்துச் சொல்லி, அதை ஏற்றுவதற்காக ஆறு கிலோமீட்டர் தள்ளிச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி, யானைகளை விட்டு இழுக்கவும் வைத்துவிட்டோம். சுற்றுவட்டாரத்தில் கருங்கல் மலையே இல்லாத ஊரில், அத்தனை கல்லைக் கொண்டுவந்து 216 அடி உயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்களே, அது அதிசயமாகப் போதவில்லை. நாமும் நம் பங்குக்கு எண்பது டன் ஏற்றினால்தான் திருப்தி.

நந்தி விஷயம் இன்னும் பரிதாபம். கோயிலைக் கட்டிய ராஜராஜன் இந்த நந்தியைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. அவர் போய்ச் சேர்ந்து ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகு நாயக்கர்கள் வைத்தது. ராஜராஜன் காலத்து நந்தி என்று சொல்லப்படுவது திருச்சுற்று மாளிகைப் பக்கம் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்க ஆள் கிடையாது.

இதெல்லாம் போகட்டும். பெரிய கோயிலின் நிஜமான வேடிக்கை, நாம் முதுகைச் சாய்த்துக்கொண்டு தண்ணீர் குடிக்கிறோமே, அந்தக் கல்லில் இருக்கிறது. விமானத்தின் அடித்தளம் முழுக்க வரி வரியாக எழுத்து. பக்திப் பாசுரம் என்று நினைத்து கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. தப்பில்லை. ஆனால் அது கணக்கு. வரவு, செலவு, வட்டி, எடை, கூலி, விலாசம். எனக்குத் தெரிந்து, ஒரு பேரரசன் சாமிக்கு எதிரில் இவ்வளவு நீளமாகக் கணக்கு ஒப்பித்தது வேறு எங்கும் இல்லை.

இந்த யோசனை அவருக்கு எங்கே வந்தது தெரியுமா? ஆட்சிக்கு வந்த 26-ஆம் ஆண்டு, 20-ஆம் நாள். அரண்மனையில் கீழைத் திருமஞ்சன சாலையில் அமர்ந்திருந்தபோது உத்தரவு போட்டார் என்று கல்வெட்டே சொல்கிறது. திருமஞ்சன சாலை என்றால் குளிக்கிற மண்டபம். மனுஷனுக்கு நல்ல யோசனை அங்கேதான் வரும் என்பது ஆயிரம் வருஷம் முன்பே நிரூபணமாகிவிட்டது.

உத்தரவு என்ன? நான் கொடுத்தது, என் அக்கா கொடுத்தது, என் மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது, எல்லாவற்றையும் கல்லில் வெட்டு. அவ்வளவுதான். நம் ஊர்க் கல்யாணத்தில் வாசலில் மேஜை போட்டு எழுதுவார்களே மொய் நோட்டு, அதேதான். நம் நோட்டு கல்யாணம் முடிந்ததும் பரணுக்குப் போய்விடும். ராஜராஜனின் நோட்டு ஆயிரம் வருஷமாகத் திறந்தே கிடக்கிறது, யாரும் படிப்பதில்லை என்பதுதான் ஒரே பாதுகாப்பு.

வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் தான். அடுத்து அக்கா குந்தவை. அதற்கப்புறம்தான் மனைவிகள். ஒருத்தி இரண்டு பேர் இல்லை, அந்தப்புரம் நிறைய தேவிமார். அத்தனை பேரையும் அக்காவுக்குப் பின்னால் நிறுத்தி, அதைக் கல்லிலும் வெட்டச் சொன்னவருடைய வீரம் சேர நாட்டுப் போரில் காட்டியதைவிடப் பெரியது. அன்று ராத்திரி அரண்மனையில் என்ன நடந்தது என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை.

அந்த அக்காவின் கணவர் பெயரும் சுவரில் இருக்கிறது. வந்தியத்தேவர்! கல்கி தன் நாவலில் ஐந்து பாகத்துக்குக் குதிரையில் ஏற்றி ஓடவிட்டாரே, அதே வந்தியத்தேவர். சுவர் அவரை எப்படி அறிமுகப்படுத்துகிறது? குந்தவை யார் என்று சொல்லும்போது, இன்னாருடைய மகாதேவியார் என்று போகிறபோக்கில் வந்துவிட்டுப் போகிறார். குதிரை இல்லை, வாள் இல்லை, ஒரு வசனம்கூட இல்லை.

இனி கணக்கின் லட்சணத்தைப் பாருங்கள். 25-ஆம் ஆண்டு, 275-ஆம் நாள், அதாவது 1010-ல், விமானத்தின் உச்சியில் வைக்க ஒரு செப்புக் குடம் கொடுக்கிறார். செம்பு 3,083 பலம். அதற்கு மேல் போர்த்திய பொன் தகடு 2,926½ கழஞ்சு. அந்த அரையைப் பார்த்தீர்களா? ஆயுசில் மிகப் பெரிய நாள், ஊரே திரண்டு நிற்கிறது, குடம் மேலே போகப்போகிறது. அப்போதும் யாரோ ஒரு கணக்கர் தராசைக் குனிந்து பார்த்து, "அரை இருக்குங்க" என்றிருக்கிறார். எழுதிக்கொண்டார்கள்.

நகைக் கணக்கு இதைவிட மோசம். பொன்னை நிறுக்க ஒரு கல், அதற்கு ஆடவல்லான் என்று நடராஜரின் பெயர். ரத்தினம் நிறுக்க வேறொரு கல், அதற்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். சாமி பெயர் வைத்த எடைக்கல்லில் எடை குறைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பிறகு முத்து. உருண்டை முத்து, ஓரளவு உருண்டை, சின்னது, ஒட்டிப் பிறந்த இரட்டை, கரடு, தட்டை என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, எண்ணி, கோத்த சரடை நீக்கி நிறுத்திருக்கிறார்கள். காணிக்கை கொடுத்துவிட்டு, "இதில் சிலது சொத்தை" என்று தானே எழுதி வைத்த ஒரே வள்ளல் இவராகத்தான் இருப்பார்.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. இந்தப் பொன்னில் ஒரு பகுதி, சேரனையும் பாண்டியர்களையும் தோற்கடித்து எடுத்து வந்த பண்டாரம். அதையும் மறைக்கவில்லை, அப்படியே எழுதியிருக்கிறார். அடித்துப் பிடுங்கியதுதான், ஆனால் ஆடிட் சுத்தம். இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்துச் சோழர்கள் தேய்ந்து, பாண்டியர்கள் தஞ்சைக்கு வந்தார்கள். பதிலுக்குக் கோயிலை இடித்தார்களா? இல்லை. பெரியநாயகி அம்மனுக்கு ஒரு தனிச் சந்நிதி கட்டிக் கொடுத்தார்கள். பறிகொடுத்த வீட்டார் திரும்பி வந்து மொய்யும் எழுதிவிட்டுப் போனார்கள்.

விளக்குக் கணக்குக்கு வருவோம். சாமிக்கு ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும், தினம் ஒரு உழக்கு நெய். அதற்கு 96 ஆடு. ஆடு இல்லையென்றால் 48 பசு. பசுவும் இல்லையென்றால் 16 எருமை. ஒரு எருமைக்கு ஆறு ஆடு என்று எக்ஸ்சேஞ்ச் ரேட்டே இருந்தது. ஆட்டை இடையர் கையில் ஒப்படைத்துவிடுவார்கள், அவர் நெய் அளக்க வேண்டும். சரி, ஆடு செத்துப்போனால்? இங்கேதான் சோழ நிர்வாகத்தின் மூளை. இந்த மாதிரி ஆடுகளுக்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு பெயர் உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாது, கிழடும் தட்டாது. குட்டி போட்டுக் குட்டி போட்டு எண்ணிக்கை அப்படியே நிற்கும் என்று ஏட்டில் முடிவு செய்துவிட்டார்கள். ஆட்டுக்கு இது தெரியாது. ஓநாய்க்கும் தெரியாது. நடுவில் மாட்டிக்கொண்டவர் இடையர்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது பிள்ளையாரின் வாழைப்பழம். தினம் 150 பழம் என்று ராஜா முடிவு செய்கிறார். வருஷத்துக்கு 360 நாள் கணக்கில் 54,000 பழம். காசுக்கு 1,200 பழம் விலை. ஆக வருஷத்துக்கு 45 காசு வேண்டும். கஜானாவிலிருந்து மாசாமாசம் கொடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 360 காசை நகரத்து வணிகர்களிடம் போட்டுவைத்தார். காசுக்கு அரைக்கால் வட்டி, நம் கணக்கில் பன்னிரண்டரை சதவீதம். போட்டுப் பாருங்கள், சரியாக 45 காசு வரும். பிள்ளையாருக்கு ஃபிக்ஸட் டெபாசிட்! முதலில் கை வைக்காமல், சந்திர சூரியர் உள்ளவரை பழம். சந்திரனும் சூரியனும் இருக்கிறார்கள், டெபாசிட் எங்கே போனது என்று பிள்ளையாருக்கே தெரியாது. பன்னிரண்டரை சதவீதம் இன்று எந்த வங்கி தரும் என்று அவர் நம்மைக் கேட்டாலும் கேட்பார்.

இதே வட்டி வேலை ஊர்ச் சபைகளோடும் நடந்தது. கோயில் கடன் கொடுக்கும், சபை வட்டி கட்டும், அந்த வட்டியில் சாமியின் குளியல் தண்ணீருக்கு ஏலக்காயும் செண்பக மொட்டும் வரும். கடன் வாங்கிய ஊர்க்காரர் வெந்நீரில் குளித்தாரா என்பது வேறு விஷயம்.

அடுத்து, ஆள் சேர்ப்பு. கோயிலில் ஆட 400 பெண்கள். சோழ நாட்டில் பெயர் பெற்ற கோயில்களிலிருந்தெல்லாம் தஞ்சாவூருக்கு ட்ரான்ஸ்ஃபர். ஒவ்வொருவர் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்பதும், இப்போது எந்தத் தெருவில் எந்தச் சாரியில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, முதல் வீடு: நக்கன் சேரமங்கை, திருவையாறு லோகமகாதேவீச்சரத்திலிருந்து வந்தவர். இப்படி நானூறு விலாசம். அன்றைக்கு ஒரு தபால்காரர் இருந்திருந்தால் அட்ரஸ் கேட்காமலே கொடுத்துவிட்டுப் போயிருப்பார். இன்று அதே ஊரில் ஒரு புது நகருக்குப் பார்சல் வரவேண்டுமானால், "தண்ணி டேங்க் தாண்டி மூணாவது லெஃப்ட்" என்று நாலு தடவை போனில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சம்பளம், ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். எல்லாம் பக்காவாக இருக்கிறது. சொந்த ஊரை விட்டுவர உங்களுக்குச் சம்மதமா என்று சேரமங்கையை யாராவது கேட்டார்களா? அவ்வளவு பெரிய சுவரில் அதற்கு மட்டும் இடம் இல்லை.

ஆடுகிறவர்களோடு முடியவில்லை. நட்டுவனார், பாடுகிறவர், குடை பிடிப்பவர், விளக்கேற்றுபவர், தண்ணீர் தெளிப்பவர், குயவர், வண்ணார், தையல்காரர், தட்டார், கணக்கர் என்று பட்டியல் போகிறது. ஒருவர் செத்துப்போனால் அல்லது ஊரை விட்டுப் போய்விட்டால் அந்தப் பங்கு அவருடைய நெருங்கிய உறவினருக்கு. அவருக்கு வேலை தெரியாது என்றால்? தெரிந்த ஒருவரை அவரே பிடித்து வைத்து வேலை செய்யச் சொல்லலாம், பங்கு அவருக்கே. ஆம், கருணை அடிப்படையில் வாரிசு வேலை. அதிலும் நாற்காலி ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு. இந்த நிர்வாக முறைக்கு இங்கிலாந்துக்காரன்தான் காரணம் என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தோம்.

ராஜாவுக்குப் பெயர் மேல் ஒரு மோகம். மும்முடிச்சோழன், ஜெயங்கொண்டான், நித்தவினோதன், க்ஷத்திரியசிகாமணி, பாண்டியகுலாசனி, கேரளாந்தகன் என்று பட்டங்கள் குவிந்து கிடந்தன. வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாட்டைப் புதிதாக வளநாடுகளாகப் பிரித்து ஆளுக்கொரு பட்டத்தை ஒட்டிவிட்டார். மாவட்டத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பெயர் வைப்பதில் நம் தலைவர்கள் காட்டும் ஆர்வம் திராவிட அரசியலின் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், பெயரைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, பகிர்ந்தும் கொடுத்தார். கோயில் கட்டிய தலைமைத் தச்சர் குஞ்சரமல்லனுக்கு 'ராஜராஜப் பெருந்தச்சன்'. முடி திருத்துகிறவருக்கு 'ராஜராஜப் பெருநாவிதன்'. தன் பெயரை நாவிதருக்குக் கொடுத்து, அதைத் தான் கட்டிய கோயில் சுவரிலேயே பொறிக்கவும் சம்மதித்த ராஜாவைக் கிண்டல் செய்ய எனக்கே கொஞ்சம் கை கூசுகிறது. ஆனாலும், கத்தி கழுத்துக்குப் பக்கத்தில் தினம் வருகிற ஆளிடம் நல்லபடியாக இருப்பதுதானே புத்திசாலித்தனம்?

கோயிலுக்கு வைத்த பெயரும் அதே கதைதான்: ராஜராஜீச்சரம். சாமி வீட்டுக்கு வாசலில் தன் பெயர்ப் பலகை. கொஞ்ச காலம் போனது. சாமி பெருவுடையார் ஆனார், பிறகு பிரகதீஸ்வரர் ஆனார், 1987-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோதும் பிரகதீஸ்வரர் கோயில்தான். நாமோ பெரிய கோயில் என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ராஜா வைத்த பெயர் மட்டும் யார் வாயிலும் இல்லை.

இன்னொரு கௌரவக் குறையும் உண்டு. சிவன் கோயில்களில் பாடல் பெற்ற தலம் என்றால் தனி மதிப்பு. சம்பந்தர், அப்பர், சுந்தரர் வந்து பாடியிருக்க வேண்டும். மூவரும் போய்ச் சேர்ந்து பல நூறு வருஷம் கழித்துக் கட்டிய கோயிலுக்கு அந்தச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? நாலு தூண் உள்ள ஒரு கிராமத்துக் கோயிலுக்கு இருக்கும் பட்டம் இவ்வளவு பெரிய விமானத்துக்கு இல்லை. ராஜராஜன் விட்டுவிடவில்லை. தேவாரம் பாட 48 பேர், உடுக்கை ஒருவர், மத்தளம் ஒருவர், மொத்தம் ஐம்பது பேரைச் சம்பளத்துக்கு வைத்து, பாடலையே கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். 2020-ல் குடமுழுக்கைத் தமிழில் செய்வதா சமஸ்கிருதத்தில் செய்வதா என்று வழக்கு நீதிமன்றம் வரை போய், இரண்டிலும் நடந்தது. அந்த ஐம்பது பேரின் சம்பளப் பட்டியல் கோயில் சுவரிலேயே இருந்தது.

கருவூர்த் தேவர் மட்டும் இந்தக் கோயிலைப் பாடினார். அவரைப் பற்றி ஊர் சொல்லும் கதை அருமையானது. அவ்வளவு பெரிய லிங்கம் பீடத்தில் பொருந்தாமல் ஆடிக்கொண்டிருந்ததாம். பெரியவர் வந்தார், மென்றுகொண்டிருந்த தாம்பூலத்தைத் துப்பினார், லிங்கத்தைப் பீடத்தோடு ஒட்டும் மருந்து இறுகிவிட்டது. இன்று நீங்கள் முயற்சி செய்தால் அபராதம்.

இவ்வளவு கச்சிதமான மனிதரின் கோயிலில் ஒரு வேலை பாதியில் நிற்கிறது. கருவறைக்கு மேல்தளத்தில், சுற்றிவரும் வழியில், சிவன் ஆடும் 108 கரணங்களைக் கல்லில் செதுக்கத் தொடங்கினார்கள். 81 முடிந்தது. மீதி 27 கல்லும் பதித்தபடி மொழுக்கென்று இருக்கின்றன. ஏன் நின்றது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல். அரைக் கழஞ்சை விடாத ராஜராஜனாலேயே ஒரு காரியத்தை முழுதாக முடிக்க முடியவில்லை என்றால், மாடிப்படி பூசாமல் கிரகப்பிரவேசம் செய்த நம் மேல் என்ன குற்றம்?

அடுத்த அடி மகனிடமிருந்து. 1014-ல் அப்பா போனார். ராஜேந்திரனுக்கு அப்பா மேல் மரியாதை நிறைய. அந்த மரியாதையோடு தலைநகரைத் தூக்கிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போய்விட்டான். அங்கே ஒரு பெரிய கோயில், அதே ஜாடை, உயரம் மட்டும் கொஞ்சம் கம்மி. அப்பாவை மிஞ்சக் கூடாது என்ற அடக்கம் என்கிறார்கள். இருக்கலாம். அப்பாவின் மெகா ப்ராஜெக்ட் திறந்த சூடு ஆறுவதற்குள் தலைநகரைக் காலி செய்தவனுக்கு உயரத்தில் மட்டும் அடக்கம் வந்தது.

பிறகு நடந்ததுதான் மகா வேடிக்கை. சுவர் முழுக்கப் பெயர் எழுதி வைத்தவரை ஊர் மறந்தே போனது. கோயிலைக் கட்டியது யார் என்றால் தலபுராணம், கரிகால சோழன் என்றது. அவனுக்குக் குஷ்டமாம், அது தீரக் கட்டினானாம். கண்ணுக்கு எதிரே கல்லில் பதில் இருக்கிறது, தினமும் ஆயிரம் பேர் அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு போகிறார்கள், ஒருவரும் படிக்கவில்லை. கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஹூல்ஷ் என்று ஒருவர் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக 1886-ல் வேலைக்குச் சேர்ந்து, எழுத்துக் கூட்டிப் படித்து, "ஐயா, இது ராஜராஜன் கட்டியதென்று இங்கேயே எழுதியிருக்கிறதே" என்றார். நம் தாத்தாக்கள் அசடு வழிந்திருப்பார்கள்.

யாரும் படிக்காவிட்டாலும் சுவரைக் கண்டால் எழுதும் ஆசை யாரை விட்டது? மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி மகா படிப்பாளி, சரஸ்வதி மகாலை வளர்த்தவர், கோயிலுக்குத் திருப்பணியும் செய்தவர். அவரும் 1803-ல் போன்ஸ்லே குடும்பத்தின் முழு வரலாற்றையும் மராத்தியில் வெட்டி வைத்தார். நீளமோ நீளம். தமிழ்க் கணக்கையே படிக்காத ஊரில் மராத்திக் குடும்ப வரலாறு!

நம் காலத்துக்கு வந்தால், கேரளாந்தகன் வாசல் வழியாகக் கோயிலுக்குள் வந்தால் பதவி போய்விடும் என்று அரசியல்வாதிகளுக்கு ஒரு பயம். சேரனை ஜெயித்த பெருமைக்குக் கட்டிய வாசல் அது. பகுத்தறிவு பேசுகிறவர்கள்கூடப் பக்கத்து வழியைத் தேடியதாகப் பத்திரிகைகள் எழுதியதுண்டு. நாமெல்லாம் தைரியமாக அந்த வாசலில்தான் போய் வருகிறோம். போவதற்கு நமக்கு என்ன பதவி இருக்கிறது?

கட்டியவருக்கே உள்ளே இடம் கிடைக்காத கதையும் உண்டு. 1972-ல் ராஜராஜனுக்குச் சிலை வைக்கத் தமிழக அரசு முடிவு செய்தது. கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, உள்ளே வைக்கக் கூடாது என்று டெல்லி சொல்லிவிட்டது. சிலை வெளியே நிற்கிறது. ஆனால் அவர் காலத்திலேயே கோயில் அதிகாரி ஒருவர் ராஜராஜனுக்கும் பட்டத்தரசி லோகமாதேவிக்கும் செப்புத் திருமேனி செய்து உள்ளே வைத்திருந்தார். அது எப்போதோ நழுவி, பல பத்தாண்டுகள் குஜராத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2018-ல் இவைதான் அவை என்று சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு மீட்டுக்கொண்டு வந்தது. வழியெல்லாம் மாலை, மேளம், ஊர்வலம். ராஜராஜன் பெண்டாட்டியோடு தஞ்சாவூர் திரும்பியதைக் கும்பிட்டு வரவேற்றார்கள். அக்காவுக்குச் சிலை வரவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், பதினோரு மணிக்கு மேல் அந்தக் கல் தரையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் எல்லாருமே கரணம் போடுவார்கள். பெருவுடையாரைக் கும்பிட்டுவிட்டு நேராக வாசலுக்கு ஓடாமல் விமானத்தை ஒரு சுற்று வாருங்கள், நிதானமாக. அடித்தளத்து எழுத்து பழைய தமிழ்தான், ஒரு வரியில் நாலு எழுத்தாவது நமக்கே பிடிபடும். முழுதாகப் படிக்க ஆசையுள்ளவர்களுக்கு 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதி அச்சிலேயே இருக்கிறது, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. வாழைப்பழக் கணக்கு அதில்தான் இருக்கிறது.